குட்டி வண்டியும் குட்டி லேத்தும்

1946-ல் ஜப்பானின் ஹமமட்சு நகரத்தில் சொய்ச்சிரோ ஹோண்டா முதன்முதலாக ஓட்டிப் பார்த்த வண்டியில் அவர் செய்த இன்ஜின் இல்லை. ராணுவ ரேடியோக்களுக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்த சின்ன இன்ஜின்கள், போர் முடிந்ததும் கேட்பாரற்றுக் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து சைக்கிளில் பூட்டினார். பெட்ரோல் டேங்க்? குளிர்காலத்தில் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குப்பிதான் டேங்க். கையில் கிடைத்ததை வைத்து வண்டி கட்டிய அந்த மனிதரின் கம்பெனி பிற்பாடு விற்ற மங்க்கி என்னும் குட்டி பைக்கை, இன்று வீட்டு லேத்தில் பாகம் கடைந்து பிழைக்க வைக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஜப்பானில்தான் இந்தப் பித்து முற்றிப்போயிருக்கிறது.

மங்க்கி சாலைக்குப் பிறந்த வண்டி அல்ல. டோக்கியோவின் ஓரத்தில் ஹோண்டா நடத்திய டாமா டெக் என்ற கேளிக்கைப் பூங்காவில், 1961-ல், பிள்ளைகள் ஏறி விளையாடச் செய்தது. பெரியவர்களும் இறங்க மறுத்தார்கள் போலிருக்கிறது. 1967-ல் சாலையில் ஓட்டும்படி இசட்50எம் வந்தது. ஐந்து அங்குலச் சக்கரம், மடக்கிக் கார் டிக்கியில் வைத்துக்கொள்ளத் தோதான கைப்பிடி, பேருக்குக்கூட சஸ்பென்ஷன் கிடையாது. அப்புறம் சக்கரம் எட்டு அங்குலமானது, முன்னால் ஃபோர்க் வந்தது, 1974-ல் பின்பக்கமும் சஸ்பென்ஷன் வந்தது. புகைக் கட்டுப்பாடு இறுகியதால் 50 சிசி மங்க்கி 2017-ல் நின்றது. அடுத்த ஆண்டே 125 சிசியாகத் திரும்பி வந்தது என்றாலும், அதைப் பழைய ரசிகர்கள் குட்டி வண்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாடகர் ஜான் லெனன் வைத்திருந்த 1969-ஆம் வருட மங்க்கி ஒன்று 2018-ல் இங்கிலாந்தில் 57,500 பவுண்டுக்கு ஏலம் போனது. லெனன் உட்காராத மங்க்கிக்கு அந்த விலையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய மங்க்கியை எடுத்தவருக்கு இன்ஜின் பெரிய கவலையில்லை. 1958 முதல் ஓடும் ஹோண்டா சூப்பர் கப் பைக்கின் குடும்பம் அது; உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் இருக்கும் குடும்பம். பிஸ்டனும் வால்வும் எங்காவது கிடைத்துவிடும். டாகேகவா, கிடாகோ போன்ற ஜப்பானியக் கம்பெனிகள் பெரிய சிலிண்டர் செட்டையே பெட்டியில் போட்டு விற்கின்றன. 39 மில்லிமீட்டர் போர், 41.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள 49 சிசி இன்ஜினில் 52 மில்லிமீட்டர் பிஸ்டன் இறக்கினால் 88 சிசி. ஆனால் இப்படி இன்ஜினைப் பெரிதாக்கி 50 சிசியைத் தாண்டியதும் ஜப்பானில் பொதுவாக அதன் சட்டமும் மாறுகிறது. கார் லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்ற சலுகை போய்விடும், தனி லைசென்ஸ் வேண்டும். நகராட்சி அலுவலகத்தில் சொல்லி வெள்ளை நம்பர் பிளேட்டைக் கொடுத்து மஞ்சளாக மாற்றிக்கொள்ள வேண்டும். பதிலுக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பிலிருந்து விடுதலை.

கடையில் கிடைக்காதவையெல்லாம் சில்லறைச் சாமான்கள். ஸ்பேசர், புஷ், மூடி, பிராக்கெட். அகலமான ரிம் மாட்டினால் டயர் செயினில் உரசும். ஸ்ப்ராக்கெட்டை வெளியே தள்ள வேண்டும். சக்கரத்தை நடுவில் நிறுத்த இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் ஸ்பேசர் வேண்டும். இந்த அளவு அந்த ஒரு வண்டிக்கு மட்டும் பொருந்தும். எந்தக் கம்பெனியும் செய்து விற்காது. லேத்துக்கு வேலை வருவது இங்கேதான்.

ஸ்பேசர் என்றால் என்ன, ஒரு குழாய்த் துண்டு, அவ்வளவுதானே என்று தோன்றும். சக்கரத்தின் ஹப்புக்குள், இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் ஸ்பேசரைப் பாருங்கள். ஆக்ஸில் நட்டை முடுக்கும்போது அந்த அழுத்தம் ஒரு பேரிங்கின் உள்வளையத்திலிருந்து ஸ்பேசர் வழியாக அடுத்த பேரிங்கின் உள்வளையத்துக்குப் போக வேண்டும். ஸ்பேசர் ஒரு இழை குட்டையாகிவிட்டால் அழுத்தம் குண்டுகளின் பக்கவாட்டில் ஏறுகிறது. நட்டை முடுக்க முடுக்கச் சக்கரம் கனத்துச் சுற்றும். அப்படியே ஓட்டினால் சீக்கிரமே பேரிங் ஊளையிட ஆரம்பிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பேரிங் உட்காரும் இரண்டு படிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை டெப்த் கேஜ் வைத்து அளந்து, அதைவிட 0.1 மில்லிமீட்டர் கூடுதலாகவே கடைகிறார்கள்.

நீளம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு முகத்தை ஃபேசிங் செய்து, துளை போட்டு, ரீமர் விட்டு, கம்பியிலிருந்து வெட்டி எடுத்த துண்டைத் திருப்பி சக்கில் மாட்டும்போதுதான் கோளாறு நுழைகிறது. தாடைக்கு நடுவே ஒரு பிசிறு மாட்டினாலும் மறுமுகம் சாய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. நட்டை இறுக்கியதும் அந்தச் சாய்வு ஆக்ஸிலையே வளைக்கப் பார்க்கும்.

அலுமினியத்துக்கு இன்னொரு குணமுண்டு: சூட்டில் ஊதிக்கொள்ளும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள துண்டு 100 டிகிரி சூடேறினால் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் பெருக்கும். கடைந்த சூட்டோடு மைக்ரோமீட்டரை வைத்து ‘அளவு வந்துவிட்டது’ என்று கழற்றினால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் துண்டு சிறுத்திருக்கும். இதே குணத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வதும் உண்டு. ஹப்பை அடுப்பில் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால், சுத்தியல் தொடாமலே பேரிங் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும்.

கை பழகியதும் ஆசை எல்லை மீறுவதுதான் வழக்கம். டாப்பெட் மூடி, ஆயில் மூடி, லீவர், ஃபுட்ரெஸ்ட் என்று அத்தனையும் பளபளக்கும் அலுமினியம். அப்படிப்பட்ட வண்டியில் ரசிக்க எதுவும் மிஞ்சுவதில்லை; 1967-இன் வடிவம் நகைக்கடைக்குள் தொலைந்துபோகிறது. அழகு போனாலும் ஆபத்தில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் ஆக்ஸில், ஸ்டீயரிங் தண்டு, பிரேக்கின் பாகங்கள் இவற்றை எந்த உலோகம் என்று தெரியாத கம்பியில் கடைவது அப்பட்டமான முட்டாள்தனம். காயலான் கடையில் பொறுக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பி மின்னும், ஆனால் சரியான குரோம்-மாலி எஃகின் பலம் அதற்கு வராது. மூடி உடைந்தால் எண்ணெய்தான் போகும்; ஆக்ஸில் உடைந்தால் உயிரே போகலாம்.

மீட்டெடுப்பவர்கள் இரண்டு கட்சி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், திருகாணிகூட மாறக்கூடாது என்பது ஒன்று. வண்டி என்னுடையது, இஷ்டப்படி மாற்றுவேன் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அதுவே உருப்படியானது: ஃப்ரேமில் ரம்பமோ வெல்டிங்கோ படக்கூடாது, புதிதாகக் கடைந்தது எதுவானாலும் போல்ட் போட்டு மாட்டும்படி இருக்க வேண்டும், கழற்றிய அசல் பாகம் பெட்டியில் இருக்க வேண்டும். அடுத்து வாங்குகிறவர் ஸ்பானரோடு உட்கார்ந்து பழைய வண்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். ஃப்ரேமை அறுத்துவிட்டால் அது நடக்காது.

இந்தியச் சாலைக்கு மங்க்கி வரவில்லை. அதற்குப் பங்காளி மாதிரி ஒன்று வந்தது: 1973-இல் ‘பாபி’ இந்திப் படத்தில் ரிஷி கபூர் ஓட்டிய ராஜ்தூத் ஜிடிஎஸ் 175. படத்தின் பெயராலேயே பாபி என்று ஜனங்கள் கூப்பிட்ட அதையும், லேத் பட்டறையில் புஷ் கடைந்து கொடுத்துத் தூக்கி நிறுத்தலாம். ஆனால் ஜப்பானில் 88 சிசிக்கு மஞ்சள் பிளேட் வாங்குவது போல இங்கே சுலபமில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே எங்காவது ஷெட்டில் பாபியைப் பார்த்துவிட்டால், லேத்காரரிடம் ஓடுவதற்கு முன் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கி, இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.