மேப் போடப் பழகுகிறவர்களுக்கு ஒரு பழைய குமாஸ்தாவின் யோசனை

வழக்கமாகத் தாலுகா ஆபீஸ் கதைகளையும் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாட்களையும் எழுதுகிறவன், இன்று கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

என் பேரன் காலேஜில் படிக்கிறான். விளையாடுவது மட்டும் போதாமல், 'டூம்' என்ற பழைய விளையாட்டுக்குச் சொந்தமாக மேப் போடப் பார்க்கிறான். இதற்கு மாடிங் என்று பெயர். மூன்று மேப் ஆரம்பித்தான், மூன்றும் பாதியில் நிற்கின்றன. "எனக்கு இது வராது பாட்டா" என்கிறான். அவன் அப்பாவோ, இதை விட்டுவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கட்டும் என்கிறார். என் கட்சி வேறு. இது அவனுக்கு வரும். கற்றுக்கொள்ளும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. டூம் வெளிவந்தது 1993 டிசம்பரில். அதன் மேப்புகளை விளையாட்டின் மூல நிரலோடு கலக்காமல் 'வாட்' என்ற தனிக் கோப்பில் வைத்திருந்தார்கள். அதனால் வெளியாட்களும் மேப் செய்து சேர்க்க முடிந்தது. 1997-ல் மூல நிரலையும் வெளியிட்டுவிட்டார்கள். முப்பது வருஷம் தாண்டியும் உலகம் முழுவதும் புது மேப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. இன்று பிள்ளைகள் ஆடும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் 1999-ல் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டின் மேல் இரண்டு பேர் செய்த மாடாகத்தான் பிறந்தது. ஆகவே இதை வெட்டி வேலை என்று தள்ளிவிட முடியாது.

பேரனிடம் நான் கண்ட முதல் குறை, எடுத்த எடுப்பிலேயே அலங்காரம். சுவருக்கு என்ன கல், கூரைக்கு என்ன நிறம் என்று இரண்டு நாள் போய்விடும். அறைகள் எப்படி ஒன்றோடொன்று சேர்கின்றன என்பது அதுவரை முடிவாகியிருக்காது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கட்டுரை எழுதச் சொன்னால் முதலில் 'ப்ரூய்யோன்' கேட்பார். அடித்தல் திருத்தலோடு கூடிய கரட்டுப் பிரதி. அதைக் காட்டாமல் நல்ல பிரதியைக் கையில் வாங்க மாட்டார். மேப்புக்கும் அதே நியாயம்தான். வெறும் சாம்பல் நிறச் சுவர்களோடு அறை, வாசல், படி மட்டும் போட்டு நடந்து பார்க்க வேண்டும். இந்தத் துறையிலேயே இதற்கு 'கிரேபாக்ஸ்' என்று பெயர் இருக்கிறது. அதில் நடப்பது சுகமாக இல்லையென்றால் எந்தச் சாயமும் காப்பாற்றாது.

இரண்டாவது, அளவு. டூமில் ஆடுகிறவனின் உயரம் 56 அலகு, அகலம் 32, ஏறக்கூடிய படி 24. இந்த மூன்று எண்களையும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும். பேரன் போட்ட 'சின்ன அறை'யில் நடந்தால் வடசேரி பஸ் ஸ்டாண்டைக் குறுக்கே கடப்பது போல இருந்தது. எல்லா அறையும் பெரிதென்றால் எதுவும் பெரிதாகத் தெரியாது.

இதைக் கற்க வீடியோ மேல் வீடியோ பார்க்க வேண்டியதில்லை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. பூமுகத்திலிருந்து குறுகலான செங்குத்துப் படியில் தலை குனிந்து ஏறினால் மந்திரசாலை. அங்கே வண்ண மைக்கா பதித்த ஜன்னல்கள் வழியாக மங்கலான வெளிச்சம். கறுப்புத் தரை பளபளவென்று மின்னும். மேலும் நடந்தால் ஊட்டுப்புரை, திடீரென்று நீண்டு விரியும் கூடம். படியின் நெருக்கத்தை அனுபவித்து வந்ததால்தான் அந்த நீளம் நம்மை நிறுத்துகிறது. டூம் மேப்புகளைச் செய்தவர்களில் முக்கியமானவரான ஜான் ரொமேரோ தனக்கு வைத்துக்கொண்ட விதிகளில் ஒன்று, வெளிச்சமும் இருட்டும், நெருக்கமும் விசாலமும் மாறி மாறி வர வேண்டும் என்பது. நம் தச்சர்கள் அதை மரத்தில் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அரண்மனை முழுவதையும் செய்ய ஆசைப்படக் கூடாது. பழைய டூமில் ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறையைக் கட்ட முடியாது. நான்கு நிலை உப்பரிகை மாளிகையைத் தொட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். நவராத்திரி மண்டபம் போல ஒரே தளத்தில் உள்ளதை எடுக்கலாம். ஐந்து அறை போதும், ஆனால் முடிக்க வேண்டும். பாதியில் நிற்கும் பெரிய மேப்பை யாரும் ஆடிப் பார்த்துக் குறை சொல்ல முடியாது. குறை கேட்காமல் கை தேறாது.

மூன்றாவதுதான் முக்கியம். பேரன் தன் மேப்பை ஆட என்னை உட்கார வைத்தான். பின்னால் நின்றுகொண்டு "வலது பக்கம் பாட்டா, அந்தக் கதவு, அந்தக் கதவு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். "மக்களே, இதை முன்பின் தெரியாத ஒருத்தன் ஆடினா அவன் பின்னாலயும் போய் நிப்பியா?" என்று கேட்டேன். ஆபீஸில் நாங்கள் எழுதிய குறிப்பு கலெக்டர் மேசைக்குப் போகும்போது குமாஸ்தா கூடப் போய் விளக்கம் சொல்ல முடியாது. தாளில் இருப்பதுதான் பேச வேண்டும். மேப்பும் அப்படித்தான். வேறொருவர் ஆடும்போது செய்தவன் வாயை மூடிக்கொண்டு, அவர் எங்கே தயங்குகிறார், எங்கே திரும்பிப் போகிறார் என்று நோட்டில் குறிக்க வேண்டும். கதவு தெரியவில்லையா? அங்கே வெளிச்சத்தைக் கூட்டு, அல்லது கதவை நேரே வை. வழிகாட்டிப் பலகை கடைசி வழி.

"இது விளையாட்டு, எதிரிகள் வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் எதிரியை எங்கே நிறுத்துவது என்பதை இடம்தான் சொல்லும். 1985-ல் வந்த சூப்பர் மாரியோவின் முதல் கட்டத்தில், முதல் எதிரி திறந்த வெளியில் மெதுவாக எதிரே நடந்து வரும். தாண்டிக் குதிக்க வேண்டும் என்று ஒரு எழுத்துகூட இல்லாமல் புரிந்துவிடும். குறுகிய படியின் உச்சியில் முதல் எதிரியை வைத்தால் ஆடுகிறவன் காரணம் தெரியாமல் சாவான், அத்தோடு எழுந்து போய்விடுவான்.

இதனால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் தான் செய்ததை இன்னொருவர் கண்ணால் பார்க்கப் பழகிய பிள்ளை எந்த மேசையில் உட்கார்ந்தாலும் உருப்படியாக வேலை செய்வான். முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்.

இந்த வயதில் ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், நோட்டும் பென்சிலும் கொடுத்து ஒரு நாள் பத்மநாபபுரத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அங்கிருந்து என்ன தெரிகிறது, எது மறைந்திருக்கிறது என்று படம் போட்டு வரட்டும். திங்கட்கிழமை மட்டும் அரண்மனைக்கு விடுமுறை.