தொந்தியும் தலையெழுத்தும்

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும், தியாகராய நகர் நடேசன் பூங்காவிலும் காலையில் தொந்தி குலுங்க வியர்த்து நடப்போர் அநேகர். அவர்களில் பலருக்கு "ரத்தக் கொதிப்பு". ஏன் வந்தது என்று கேட்டால் ஒருவர் "தலையெழுத்து" என்பார்; மற்றொருவர் "சனி திசை" என்பார். மந்திரித்த தாயத்தை அரையில் கட்டிக்கொண்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையை அலமாரியில் பூட்டி வைப்பவர்களும் உண்டு. நம் சரீரத்திலுள்ள உப்பைப் பற்றிச் சனிக்கு என்ன தெரியும் என்று நாம் கேட்கின்றோம்.

முதலாவது, ரத்தம் கொதிப்பதே இல்லை. குழாய்ச் சுவரின்மீது அதன் அழுத்தந்தான் ஏறுகிறது. பருத்த உடம்பில் அதைப் பெரிதும் ஏற்றிவிடுவது எது? கிரகமல்ல, வயிற்றிலுள்ள கொழுப்பேயாகும். கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டையல்ல. ஹார்மோன் என்னும் சரக்கை ரத்தத்தில் விடும் தொழிற்சாலை. 1994-ல் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த லெப்டின் அவற்றிலொன்று. "சேமிப்புப் போதும், உண்ணாதே" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. பருத்தவரிடம் லெப்டின் மிகுந்தும் மூளை அச்சொல்லுக்குச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகளை மட்டும் லெப்டின் முடுக்கிவிடுகிறது என்பதே ஆராய்ச்சியாளர் கூறும் விளக்கம். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை அதிகமாய்ச் சுரக்கிறது. வெளியேற வேண்டிய உப்பும் நீரும் உள்ளேயே தங்குகின்றன; அழுத்தம் ஏறுகிறது. இதில் விதிக்கு இடம் எங்கே?

இது பணக்காரர் வியாதி என்பதும் பொய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 35 பேருக்கு மேல் இது உண்டு. அடுப்படியை விட்டு அரைமணி நேரம் நடக்கப் பெண்களுக்கு ஓய்வு கொடாத ஆண்கள், "உடம்பை வளர்த்துவிட்டாள்" என்று அவர்களைப் பழிப்பது அயோக்கியத்தனமல்லவா?

தோழர்களே! எடை 1 கிலோ குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 புள்ளி இறங்கும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாயையும் அப்பளத்தையும் அதில் சேர்த்தே கணக்கிடுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்திப் பக்கவாதத்தில் வீழ்ந்தவரைத் தாயத்து தூக்கிவிடாது. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" அம்மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

தலையெழுத்தென்றால் அது மாத்திரைக்கு இறங்குவானேன்? அரையிலுள்ள தாயத்தை அறுத்தெறிந்துவிட்டு, அவ்விடத்தில் அளவு நாடாவைச் சுற்றிப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால், சோதிடன் வீட்டுக்கல்ல, ஆஸ்பத்திரிக்கு நடங்கள்.