ஆளுக்கு நூறு கோடி டாலர் வேணுமா மக்களே?

போன வாரம் மச்சான் வாட்ஸப்புல ஒரு சேதி அனுப்பியிருந்தார். சைக்கிங்கற சிறுகோள்ல இருக்குற உலோகத்தை வித்தா, உலகத்துல ஆளுக்கு நூறு கோடி டாலருக்கு மேல வருமாம். "வீட்டுக் கடனை அடைச்சிடலாம் மாப்ளே"ன்னு கீழே ஒரு வரி வேற.

ஆசை யாரை விட்டது :-) 2023 அக்டோபர்ல கிளம்பின நாசா விண்கலம் 2029லதான் அங்க போய்ச் சேரும். அதுவும் சுத்தி வந்து பார்க்க மட்டும்தான், தோண்ட இல்லை.

அந்தக் கணக்கே கோளாறு. இன்னிக்கு விலையை வெச்சுப் பெருக்கியிருக்காங்க. ஒரே நாள்ல சந்தைக்கு நூறு லாரி தக்காளி வந்தா கிலோ என்ன விலைக்குப் போகும்? 1884ல வாஷிங்டன் நினைவுத்தூண் உச்சிக்கு, விலையுயர்ந்த உலோகம்னு அலுமினியத்துல தொப்பி வெச்சாங்க. 1886ல அதை மலிவாப் பிரிக்க வழி கண்டுபிடிச்சாச்சு. இப்ப அதுல பார்சல் சாப்பாடு கட்டறோம்.

மலிஞ்சா நல்லதுதானேன்னு கேப்பீங்க. அலுமினியத்துக்குச் சரி. அதை நம்பி அப்ப எந்த ஊரும் பிழைக்கலை. பிளாட்டினம் அப்படியில்லை. உலகத்துல தோண்டி எடுக்கறதுல சுமார் 70 சதவீதம் தென்னாப்பிரிக்காவுலேர்ந்து வருது. அங்க மாரிக்கானாவுல 2012 ஆகஸ்ட் 16ஆம் தேதி, சம்பள உயர்வு கேட்டுப் போராடின சுரங்கத் தொழிலாளிங்க 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்னது. பிளாட்டினத்துக்கு மதிப்பு இருக்கும்போதே அவங்க கதி இதுன்னா, விலை தரையைத் தொட்டா? கம்பெனிக்காரன் வேற தொழிலுக்குப் போயிடுவான். குழிக்குப் பக்கத்துல குடியிருக்கறவன் எங்க போவான்?

சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னும் சொல்றாங்க. 2018ல வந்த ஒரு ஆய்வு, ஒரு கிலோ பிளாட்டினத்துக்குப் பூமியில 40,000 கிலோ கரியமில வாயு, சிறுகோள்லேர்ந்து எடுத்தா 150 கிலோன்னு கணக்குப் போட்டுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ராக்கெட் புகைக்கரி படை மண்டலத்துல போய்த் தங்கும். மழை வந்து கழுவற உயரம் இல்லை அது. அதோட, இங்க சுரங்கம் மூடினா கழிவு மேடும் கெட்ட தண்ணியும் தானா மறைஞ்சிடுமா? திவாலான கம்பெனிகிட்ட யார் போய்க் கேக்கறது?

அங்க எடுக்கற தண்ணியை அங்கேயே எரிபொருளாக்கிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பூமிக்குக் கொண்டு வந்து விக்கறதுலதான் சிக்கல். நாளைக்கே நடக்காதுன்னு எனக்கும் தெரியும். 2023ல பென்னுலேர்ந்து வந்தது 121.6 கிராம், செலவு நூறு கோடி டாலருக்கு மேல (அது ஆராய்ச்சி, வியாபாரம் இல்லை, ஒத்துக்கறேன்). 2025 பிப்ரவரியில ஒரு தனியார் கம்பெனி அனுப்பின கலம் தொடர்பே விட்டுப்போச்சு.

ஆனா சட்டம் மட்டும் முந்திக்கிச்சு. விண்வெளி ஆராய்ச்சி எல்லா நாட்டு நன்மைக்கும்னு 1967 ஒப்பந்தம் சொல்லுது. தன் குடிமக்கள் எடுத்தது அவங்களுக்கே சொந்தம்னு 2015ல அமெரிக்கா சட்டம் போட்டுடுச்சு. விக்கற ஒவ்வொரு கிராம்லயும் சுரங்க ஊர்களுக்கு ஒரு பங்குன்னு இப்பவே எழுதி வாங்கணும். லாபம் வந்தப்புறம் கேட்டா எவன் கொடுப்பான்?

இதையெல்லாம் மச்சானுக்கு நீளமா எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: "அப்ப இந்த மாசத் தவணை?"