மங்கள வார்த்தையும் ஒரு பந்து வீச்சும்



அமெரிக்க நாட்டில், வேறு வழியே இல்லாத நேரத்தில் கடைசியாகச் செய்து பார்க்கும் முயற்சிக்கு 'ஹெயில் மேரி' என்று பெயர். அரசியல்வாதியும் வணிகரும்கூட இச்சொல்லைச் சர்வ சாதாரணமாக வழங்குகின்றனர். 53 மணி செபமாலையில் நாம் சொல்லும் மங்கள வார்த்தைச் செபத்தின் ஆங்கிலத் தொடக்கமே அது. இதை முதன்முதல் அறிந்தபோது நமக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. தேவதாயின் செபம் சூதாட்டச் சொல்லாகிவிட்டதே என்று எண்ணினோம். பிறகுதான் அச்சொல்லைப் பரவச் செய்த மனிதரின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அவர் பெயர் ரோஜர் ஸ்டாபாக்.

அவர் ஆடிய ஆட்டத்தை நம்மில் பலர் கண்டிருக்கமாட்டோம். பெயர்தான் கால்பந்து; பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். அதுவும் முட்டை வடிவப் பந்து. அணிக்கு 11 பேர். 100 கெஜக் களத்தில் நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது 'குவார்ட்டர்பேக்' என்னும் வீரரின் கைக்கு. மலை போன்ற மனிதர் தம்மை வீழ்த்தப் பாய்ந்து வர, அவர் சில விநாடிகளுக்குள் முடிவு செய்தாக வேண்டும்: தொலைவில் ஓடும் தோழனுக்கு எறிவதா, அருகிருப்பவனிடம் கொடுப்பதா, தாமே ஓடுவதா?

ஸ்டாபாக் 1942-இல் ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் பிறந்தவர்; பெற்றோருக்கு ஒரே பிள்ளை; கத்தோலிக்கப் பள்ளிகளில் பயின்றவர். 1961-இல் அன்னாபொலிஸில் உள்ள கடற்படைக் கல்விக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே படிப்புக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு ஈடாக, பட்டம் பெற்றபின் நான்கு ஆண்டுகள் கடற்படையில் பணியாற்ற வேண்டும் என்பது அந்நாளைய ஒப்பந்தம்.

1963-ஆம் ஆண்டு அவருடைய ஆண்டு. கல்லூரி ஆட்டக்காரருள் தலைசிறந்தவருக்கு அளிக்கப்படும் ஹைஸ்மன் பரிசு அவருக்குக் கிடைத்தது. 'லைஃப்' இதழின் அட்டையில் அவர் படம் அச்சாகிக்கொண்டிருந்தது. அந்நேரத்தில்தான், நவம்பர் 22 அன்று, குடியரசுத் தலைவர் கென்னடி டல்லஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டைப்படம் மாற்றப்பட்டது. தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் ஆண்டுதோறும் நடைபெறும் பெரும் போட்டியும் நின்றுவிடும் என்றே பலர் எண்ணினர். கென்னடி தாமே முன்னாள் கடற்படை அதிகாரி. முந்தைய இரண்டு ஆண்டுகளும் அப்போட்டிக்கு நேரில் வந்தவர். ஆட்டம் நடைபெறட்டும் என்பதே அவர் குடும்பத்தாரின் விருப்பம். டிசம்பர் 7 அன்று பிலடெல்பியாவில், துக்கம் தீராத பெருங்கூட்டத்தின் முன்னே, கடற்படை அணி 21-15 என வென்றது. எல்லைக் கோட்டுக்குச் சில அடி தூரத்தில் தரைப்படை அணி நின்றபோது நேரம் முடிந்துவிட்டது.

மறு ஆண்டில் காலில் காயம். அணி மூன்று ஆட்டங்களில்தான் வென்றது. புகழ் எவ்வளவு விரைவாக வந்ததோ அவ்வளவு விரைவாகவே நகர்ந்தும் விட்டது.

தொழில்முறை அணிகள் அவரைச் சீண்டவில்லை என்றே சொல்லலாம். டல்லஸ் கௌபாய்ஸ் அணி 10-ஆம் சுற்றில், 129-ஆவது ஆளாக அவரைத் தேர்ந்து வைத்தது. திறமையில் குறை கண்டு அல்ல. படைப்பணி முடிந்து வரும்வரை யார் காத்திருப்பார்கள் என்பதே கணக்கு. ஓட்டக்காரனுடைய கால்களுக்கு 23 வயது முதல் 27 வரை என்றால் அது பொற்காலம் அல்லவா? மகனின் படிப்பில் ஓராண்டு தாமதமானாலே, 'வாழ்வே வீணாயிற்றே' எனக் கலங்கும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். இவருக்கோ நான்கு ஆண்டுகள்!

அந்நான்கு ஆண்டுகளில் அவர் செய்தது வீரதீரச் செயலும் அன்று. சில நிறங்களைப் பிரித்தறிய இயலாத கண்குறை அவருக்கு இருந்தது. ஆகவே கப்பல் செலுத்தும் பணி கிட்டவில்லை. சரக்குப் பிரிவில் சேர்ந்தார். வியட்நாமுக்குச் செல்லத் தாமே முன்வந்து, சூ லாய் துறையில் ஏறத்தாழ ஓராண்டு, வந்திறங்கும் சரக்குகளைக் கவனித்தார். டல்லஸ் அணி அனுப்பிவைத்த பந்துகளைக் கொண்டு ஓய்வு நேரத்தில் எறிந்து பழகினார். இந்தப் பகுதியைத்தான் நாம் இருமுறை படித்தோம். பெட்டிகளை எண்ணிய அந்த நாள்களில், தமக்கு இடம் காத்திருக்கும் என்று அவருக்கு யார் உறுதி கூறினார்கள்?

1969-இல் அணியில் சேர்ந்தபோது அவர் 27 வயதுப் புதுமுகம். பிறகும் காத்திருப்பு. 1971-இல் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி, சிக்காகோ அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை மாற்றி மாற்றி இறக்கி, தோற்றும் போனார். அதன் பின்னரே ஸ்டாபாக்கை நிலையாக நியமித்தார். அப்பருவத்தில் அணி பிறகு தோற்கவேயில்லை. 1972 சனவரியில் மயாமி அணியை 24-3 என வென்று சூப்பர் பௌல் கோப்பையைப் பெற்றது. அவருக்கு வயது 30 ஆகச் சில நாள்களே இருந்தன.

இனி அந்த வீச்சு. 1975 டிசம்பர் 28, மின்னசோட்டா. டல்லஸ் 10, எதிரணி 14. ஒரு நிமிடமும் மீதமில்லை. களத்தின் நடுப்பகுதியிலிருந்து ஸ்டாபாக் முழு வலிமையுடன் எறிந்தார். தோழர் ட்ரூ பியர்சன் பந்தை இடுப்போடு அணைத்துப் பிடித்து எல்லைக் கோட்டைக் கடந்தார். கண்ணை மூடி மங்கள வார்த்தை சொன்னதாக ஸ்டாபாக் பின்னர்ச் செய்தியாளர்களிடம் கூறினார். நோட்டர் டேம் கல்லூரி மாணவரிடையே முன்னரே வழங்கிய அச்சொல், அன்று முதல் நாடெங்கும் பரவிற்று.

ஆனால் பியர்சன் எதிராளியைத் தள்ளிவிட்டார் என்று மின்னசோட்டா மக்கள் இன்றும் சாதிக்கின்றனர். அன்று சினங்கொண்ட ஒருவர் எறிந்த புட்டி நடுவர் ஒருவரின் தலையைக் காயப்படுத்தியது. பிட்ஸ்பர்க் அணியிடம் இருமுறை இறுதிப் போட்டியில், ஒவ்வொரு முறையும் நான்கே புள்ளியில், ஸ்டாபாக் தோற்றார். அந்நாள்களில் அவர் செபிக்காமலா இருந்திருப்பார்? மாதாவின் செபத்தை வெற்றிச் சீட்டாகக் கருதுவோரிடம் இதைக் கேட்கவே தோன்றுகிறது. தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் 1980-இல் அவர் ஆட்டத்திலிருந்து விலகினார்.

மின்னசோட்டாவின் குவார்ட்டர்பேக் பிரான் டார்கென்டன், மெதடிஸ்டு சபைப் போதகர் ஒருவரின் மகன். அன்றைய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அத்தந்தை மாரடைப்பால் இறந்துபோனார். ஆட்டம் முடிந்த பின்னரே மகனுக்குச் செய்தி எட்டியது.