நாற்பத்திரண்டுக்குப் பின் வந்தவர்கள்

அந்தமானில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் போருக்குப் பிறகு வந்தவர்கள். பொதுப்பணித்துறை, காடு, துறைமுகம் என்று வேலை தேடிக் கப்பலேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் நாங்கள். எங்களுக்கு முன்பே இருந்தவர்களுக்கு, 1942-க்கு முந்தையவர்கள் என்ற பொருளில், அரசாங்கக் காகிதத்திலேயே 'ப்ரீ-42' என்று பெயர். அந்த எண்ணை வைத்து ஒதுக்கீடு கிடைக்கிறதே என்று முணுமுணுத்திருக்கிறோம். அந்த ஆண்டில் அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டதில்லை.

1942 மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியர் போர்ட் பிளேரில் கரையிறங்கினார்கள். ரங்கூன் விழுந்ததும் கூர்க்கா படையை வெள்ளைக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டதால், எதிர்த்துச் சுட ஆளில்லை; சில மணி நேரத்தில் ஊர் அவர்கள் கையில். வந்தவர்கள் நண்பர்கள் என்று நம்பியவர்களும் உண்டு. அந்த நம்பிக்கை ஒரு கோழி விவகாரத்தில் உடைந்தது. ஆபெர்டீன் பக்கம் சிப்பாய்கள் கோழியைத் துரத்திக்கொண்டு வீடுகளுக்குள் நுழைய, ஜுல்ஃபிகர் அலி என்ற இளைஞன் ஏர்கன்னால் சுட்டான். யாருக்கும் காயமில்லை. அவனை ஊர் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள்.

மார்ச் கடைசி எங்களுக்குப் பங்குனி உத்திரக் காலம். வெற்றிமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்க ஊரே திரளும். ஆனால் அதே நாட்களில் இந்த ஊரில் இப்படியொன்று நடந்தது என்று எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொன்னோமா? கார்பின்ஸ் கோவ் போகும் சாலையோரம் கடலைப் பார்த்த இடுக்கோடு ஜப்பானியரின் கான்கிரீட் பங்கர்கள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு போய் அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறோம். மெயின்லேண்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்காகக் காத்து நிற்கும் விமான நிலையத்தின் ஓடுதளமும் அந்த ஆட்சியில் உள்ளூர்க்காரர்களின் கட்டாய உழைப்பில் உருவானதுதான்.

எங்களுக்குப் பிடித்த பகுதி எது என்றால், 1943 டிசம்பர் 30. நேதாஜி ஜிம்கானா மைதானத்தில் கொடியேற்றிய நாள். அதற்கு அடுத்து, நிர்வாகத்தைப் பார்க்க அவர் அனுப்பிய மருத்துவர் ஆற்காடு துரைசாமி லோகநாதன். தமிழர் என்பதால் மேடையில் அவர் பெயரைச் சொல்ல எங்களுக்கு இனிக்கும். போலீசை ஜப்பானியர் விட்டுக்கொடுக்காததால் அவர் கையில் உண்மையில் கல்வித்துறைதான் இருந்தது என்பதைச் சொல்லமாட்டோம். கொடியேற்றிய அந்நேரத்தில், இந்த ஊரில் மருத்துவராக இருந்த டாக்டர் திவான் சிங் ஜப்பானியரின் கைதியாகச் செல்லுலார் சிறையில் சித்திரவதைப்பட்டுக்கொண்டிருந்தார். 1944 ஜனவரி 14-இல் இறந்தார். அதே மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை ஒற்றர்கள் என்று சொல்லிச் சுட்டார்கள். ஜனவரி 30 என்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு காந்தி இறந்த நாள் மட்டும்தான்.

ஜப்பானியருக்கு எதிராகக் கரையிறங்கியவர்களின் கதையையும் நாங்கள் தேடவில்லை. போருக்கு முன் இங்கே போலீஸ் அதிகாரியாக இருந்த மேஜர் டெனிஸ் மெக்கார்த்தி 1943 ஜனவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மத்திய அந்தமானில் ரகசியமாக இறங்கினார். அவர் அலைந்தது வெள்ளைக்காரர் எழுத்தில் இருக்கிறது. கூட வந்த இந்தியச் சிப்பாய்கள் துணைப் பாத்திரங்கள். 1945 அக்டோபரில் தீவுகளை மீட்க வந்து இறங்கிய 116-ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேடின் சிப்பாய்கள் எலும்பும் தோலுமான ஜனங்களைப் பார்த்து ஊர் திரும்பி என்ன சொன்னார்கள்? சிப்பாய்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நம் ஊர்களில் இருந்தபோதே கேட்டிருக்கலாம். தமிழில் சிறப்பு மலர் போடும் நாங்கள் அதில் பக்கம் ஒதுக்கியது நன்கொடையாளர் படங்களுக்கு.

பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்காததற்கு மொழி தெரியாது என்ற சாக்கும் எங்களுக்கு இல்லை. ப்ரீ-42 வீடுகளில் பேசுவது இந்தி. மீன் மார்க்கெட்டிலும் அரசு அலுவலகத்திலும் நாங்கள் நாள் முழுக்கப் பேசுவதும் அதே இந்தி. அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டியிருக்கும். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.