வசைக்கும் முகவரி வேண்டும்

தேர்தல் நெருங்கினால் மயிலாப்பூர் மாட வீதிகளிலிருந்து தியாகராய நகர் வரை சுவர்கள் பேசத் தொடங்கிவிடும். எதிரணித் தலைவரை இழித்துரைக்கும் சுவரொட்டியைக் கண்டால் நான் முதலில் தேடுவது அச்சகத்தின் பெயரை. பலவற்றில் அது இருப்பதில்லை. அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இல்லாமல் தேர்தல் சுவரொட்டி வெளியிடுவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவின்படி குற்றம்.

"காளமேகத்தைப் பாடமாக வைத்துவிட்டு அரசியல்வாதியின் வசையை மட்டும் குறைசொல்லலாமா, ஐயா?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என்று தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில், பூவிதழ் எண்ணும் சிறுமியையும் அணுகுண்டு வெடிப்பையும் காட்டிய விளம்பரம், எதிராளி கோல்ட்வாட்டரின் பெயரைச் சொல்லவே இல்லை. அதுவும் பழிகரப்புதான். ஆயினும் ஜான்சனுக்கு வாக்களியுங்கள் என்றே முடிந்தது. இலக்கை மறைத்தவர்கள் தங்களை மறைத்துக்கொள்ளவில்லை.

நம் 1967ஐ நினைத்துப் பாருங்கள். அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் "பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?" என்று தி.மு.க. கேட்டது. கேட்டவர் யாரென்று ஊருக்குத் தெரியும்; விலை உண்மையா என்பதைக் கடைக்குப் போனால் அறியலாம். உடன், ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதியும் இருந்தது. வென்றபின் ரூபாய்க்கு ஒரு படிதான், அதுவும் சென்னையிலும் கோவையிலும் மட்டுமே என்றானபோது, கேள்வி கேட்டவர்களிடமே திரும்பி வந்தது. பெயரிட்டுப் பாடிய வசை பாடியவரையும் பொறுப்பாளியாக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று கைப்பேசிக்கு வந்துசேரும் வசைக் காணொளிகள் பலவற்றில் ஆக்கியோன் பெயர் இல்லை. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை குறித்து அறிந்தே பரப்பும் பொய்யை 123(4) பிரிவு முறைகேடு என்கிறது. ஆனால், அதைப் பரப்பியவர் எதிர் வேட்பாளரோ அவருடைய முகவரோ, அவர்தம் இசைவு பெற்றவரோ என்று மெய்ப்பிக்க வேண்டும். பெயரே இல்லாதவரை எங்கே போய்த் தேடுவது?

எதிர்மறைப் பிரசாரத்தையே தடைசெய்ய வேண்டும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆள்வோரின் குறையைச் சொல்லாத தேர்தல், வெறும் பரணி பாடுவதாகிவிடும். குறையைச் சொல்பவர் தம் பெயரையும் சொல்லட்டும். பெயரில்லாததை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்க நம்மால் இயலாதா, நண்பர்களே?