காசு கட்டினால்தான் வேலையா?

"எவ்வளவு கட்டின?"

துபாய்க்கோ தோஹாவுக்கோ கிளம்பும் பையனிடம் கள்ளக்குறிச்சிப் பக்கம் முதலில் கேட்கப்படுவது இதுதான். என்ன வேலை, எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அதற்கப்புறம். ஒன்றரை லட்சம் என்று அவன் சொன்னால் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டு லட்சம் என்றால், "அப்ப நல்ல கம்பெனியாத்தான் இருக்கும்" என்பார்கள். பைசா வாங்காமல் கூப்பிட்டார்கள் என்றால் மட்டும், "பாத்துப்பா, ஏமாத்திடப் போறாங்க" என்று எச்சரிப்பார்கள்.

காசு கட்டினால்தான் வேலை, கூடுதலாகக் கட்டினால் நல்ல வேலை. சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், திருக்கோவிலூர் என்று மாவட்டம் முழுக்க இந்த நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. இது பொய். எத்தனையோ வீடுகளின் நிலத்தையும் தாலிக்கொடியையும் விழுங்கிய பொய்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க வேண்டுமானால் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்ற ஏஜெண்டும் தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாய்தான் வாங்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். அந்தப் பக்கத்துச் சட்டம் இதைவிடக் கறாரானது. ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதலாளிக்குத் தடை போடுகிறது. சவுதியிலும் ஆளெடுக்கும் கட்டணம், இக்காமா என்ற குடியிருப்பு அனுமதிக்கான செலவு எல்லாம் முதலாளியுடையவை. ஆகவே ஒன்றரை லட்சம் என்பது வேலையின் விலை கிடையாது. கம்பெனி விசாவுக்கு ஏற்கெனவே செலவு செய்துவிட்டது. நாம் கட்டுவது இடையில் நிற்கிறவர்களுக்கு: ஊர் புரோக்கர், டவுன் புரோக்கர், சென்னை ஆபீஸ், சில நேரம் அங்கே உட்கார்ந்து விசா விற்கிறவர்.

கத்தாரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021 மார்ச் முதல் அங்கே சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தர வேண்டும், அல்லது அவற்றுக்கு முறையே 500, 300 ரியால் தனியாகத் தர வேண்டும். 1,000 ரியால் ஏறத்தாழ 24,000 ரூபாய். கைச்செலவு 4,000, வீட்டுச் செலவுக்கு 9,000 என்று வைத்தால் கடனுக்கு மிஞ்சுவது 11,000. ஒன்றரை லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால் முதல் மாத வட்டி மட்டும் 4,500. சம்பளம் ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தாலும் கடன் முடிய 18 மாதம் ஆகும். ஒப்பந்தமோ இரண்டு வருடம். கட்டியது 35,400 மட்டும் என்றால் கடன் நாலே மாதத்தில் தீர்ந்துவிடும். ஒரு வருடத்துக்கும் மேலான சேமிப்பு புரோக்கர்களுக்கும் வட்டிக்காரருக்கும் போகிறது. பாலைவன வெயிலில் கம்பி கட்டியவன் வீட்டுக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை.

பணத்தைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. கடனோடு போனவனால் "முடியாது" என்று சொல்ல முடியாது. எலக்ட்ரீஷியன் என்று கூட்டிப்போய் ஒட்டகம் மேய்க்கச் சொன்னாலும், பேசிய சம்பளத்தில் பாதிதான் என்றாலும், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாலும், ஊரில் ஏறும் வட்டியை நினைத்து வாயை மூடிக்கொள்வான். தாங்க முடியாதவன் கேம்பை விட்டு வெளியேறி 'கல்லிவல்லி'யாகி, பிடிபட்டால் சிறை, தப்பினால் ஒளிந்து பிழைப்பு என்று திரிகிறான்.

நம் மாவட்டத்துக் கல்வராயன் மலைக்காரர்களுக்கு இந்தக் கடன் வலை புதிதல்ல. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. அரசு கைக்கு வந்த பிறகும் பிழைப்புக்கு வழி வரவில்லை. காப்பித் தோட்டத்துக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் ஆள் பிடிக்க வரும் மேஸ்திரி, முன்பணம் கொடுத்துத்தான் கூட்டிப்போகிறார். செம்மரம் வெட்டவும் அப்படித்தான் கூட்டிப்போனார்கள். 2018 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் 5 பேர் சடலமாக மிதந்தார்கள். அவர்கள் கல்வராயன் மலையின் சேலம் பகுதி ஊர்க்காரர்கள். மலையில் தரகர் நம் கையில் பணம் கொடுக்கிறார். சமவெளியில் நாம் தரகர் கையில் பணம் கொடுக்கிறோம். திசைதான் வேறு. வேலை தொடங்கும் முன்பே ஒருவன் கடனாளியாகிவிடுகிறான் என்பதில் மலையிலுள்ள வெள்ளிமலைக்கும் சமவெளிச் சின்னசேலத்துக்கும் வித்தியாசமில்லை. இப்போது மலைப் பிள்ளைகளும் பாஸ்போர்ட் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு முடிச்சும் சேர்ந்து விழும்.

"ஏஜெண்ட் வெளியாள் இல்லீங்க, நம்ம சொந்தக்காரர்" என்பார்கள். அதனால்தான் ரசீது கேட்பதில்லை. ஏமாந்த பிறகு புகார் கொடுப்பதுமில்லை. மாமா முறையாகும் ஒருவரை ஸ்டேஷனுக்கு இழுப்பதா என்று குடும்பமே கூடித் தடுக்கும். அப்படியே புகார் கொடுத்து நிரூபித்தாலும், குடிபெயர்வுச் சட்டப்படி தண்டனை அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். 1983இல் எழுதிய தொகை. ஒரு ஆளிடம் லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று இன்றுவரை வைத்திருப்பது, ஏமாந்தவன் முகத்தில் நாடே அறைவதுதான்.

பாஸ்போர்ட் விஷயத்திலும் தப்பான எண்ணம் இருக்கிறது. பத்தாவது தேறாதவனுக்கு வருவது இசிஆர் பாஸ்போர்ட். அவன் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இதைத் தொல்லை என்று நினைத்து, "விசிட்ல போய் அங்க மாத்திக்கலாம்" என்ற புரோக்கர் பேச்சுக்குத் தலையாட்டுகிறார்கள். அந்தத் தொல்லையில்தான் பாதுகாப்பே இருக்கிறது. ஒப்பந்தம் அரசின் பதிவில் ஏறுகிறது. 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயமாகிறது. அதன் பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான். விசிட் விசாவில் போனவனுக்கு இதில் எதுவும் இல்லை. துபாயில் கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறும். பெண்கள் விஷயத்தில் விதி இன்னும் கடுமை. இசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 30 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். வீட்டு வேலைக்கென்றால் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அரபு வீட்டு வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெருவில் சொல்லிக்கொண்டு வருகிற எவரும் சட்டத்துக்குப் புறம்பானவரே.

வளைகுடாவுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கரும்புப் பணத்துக்கு ஆலை வாசலில் காத்துக் கிடந்து, மரவள்ளி விலை சரிந்து, கூலி வேலையும் வருடம் முழுக்க இல்லாத ஊரில், பையன் வெளிநாடு போக நினைப்பது நியாயம். போய் நல்லபடியாக வீடு கட்டி, தங்கைகளைக் கரையேற்றியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களைத் தூக்கி நிறுத்தியது கைத்தொழிலும் ஒழுங்கான ஒப்பந்தமும். வெல்டிங், பைப் ஃபிட்டிங், ஏசி மெக்கானிக் என்று சான்றிதழோடு போகிறவனின் சம்பளம் பொதுவாக ஹெல்ப்பர் சம்பளத்தைவிட மேலே. இரண்டு லட்சம் புரட்ட முடிந்த குடும்பம், அதில் ஒரு பங்கைப் பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கச் செலவழிக்கட்டும்.

"அரசாங்க வழியில் போனா லேட்டாகும்" என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலிருந்து இயங்குகிறது. ஆனால் அது இருப்பது சென்னை கிண்டியில். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகி ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த நிறுவனத்தின் பெயரையே கேள்விப்படாத வீடுகள் இங்கே ஏராளம். புரோக்கர் வாசலுக்கு வருகிறார், அரசு வருவதில்லை. சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் வெள்ளிமலையிலும் மாதம் ஒரு நாளாவது அந்த நிறுவனத்தின் முகாம் நடக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் இது முடியும்.

அதுவரை, வீட்டில் பாஸ்போர்ட்டோடு ஒரு பிள்ளை இருந்தால் இதைச் செய்யுங்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பக்கத்து இ-சேவை மையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் நகலை வாங்கிப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். 35,400க்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும், ரசீது தர மறுத்தாலும், அவர் எந்த முறை உறவாக இருந்தாலும், நிலப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள்.